மூன்றாம் அறையின் இருபத்திரண்டு பெட்டிகள்

என் நாத்தனார் இறந்து இன்றோடு ஐந்து வாரம். உயிரோடு இருந்தவரை வாயால் "அண்ணி, வாங்க, உக்காருங்க" என்றுதான் சொன்னேன். மனதுக்குள் அவள் எப்போதும் அவள்தான். அதனால் இங்கேயும் அவள் என்றே எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து முப்பத்து மூன்று வருடம் நாங்கள் ஒருவரை ஒருவர் வெறுத்தோம். அதில் நடிப்பு கிடையாது, விடுமுறையும் கிடையாது. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவள் வேலை வீடுகளை அளப்பது. வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அளவாளர். யாராவது வீடு மாறப்போகிறார்கள் என்றால் பத்து நாள் முன்பே போய் நிற்பாள். கையில் இரும்பு டேப், கக்கத்தில் கார்பன் தாள் வைத்த பட்டியல் புத்தகம். அறை அறையாக நடந்து, எத்தனை பெட்டி, எவ்வளவு பெரிய லாரி, எத்தனை ஆள் என்று எழுதிக் கொடுப்பாள். கம்பெனியில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். "எங்ககிட்ட என்னங்க இருக்கு, கொஞ்சம் சாமான்தான்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்களாம். அவள் பரணை அண்ணாந்து பார்ப்பாளாம். அந்த ஒரு பார்வையிலேயே வீட்டுக்காரர்கள் தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள்.

சிலர் கெட்டிக்காரத்தனமாக, அளக்க வரும் அன்றைக்கு மட்டும் பெரிய பீரோவைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைப்பார்கள். அவள் குனிந்து தரையைப் பார்ப்பாள். சாமான் இருந்த இடத்துத் தரை வெளுப்பாக இருக்கும், சுற்றிலும் அழுக்குக் கோடு கட்டியிருக்கும். "இங்க இருந்த பீரோ எப்ப ஊர்லேர்ந்து திரும்பி வரும்?" என்று கேட்பாள். ஒரு சாமான் இருந்த இடம் காலியாகி எத்தனை நாள் ஆனது என்பதைக்கூடத் தரையின் நிறத்தை வைத்துச் சொல்வாள். ஒரு வாரமா, ஆறு மாதமா, இரண்டு வருடமா. இது பீற்றல் இல்லை. நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பட்டியல் புத்தகத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. லாரியில் ஏற்றி முடித்ததும் சிவப்பு மையில் நிரப்ப வேண்டும். எழுதியது எத்தனை, ஏறியது எத்தனை, வித்தியாசம் எத்தனை, காரணம் என்ன. காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 'வாடிக்கையாளர் மறைத்தது' அல்லது 'அளவாளர் கவனிக்கவில்லை'. இரண்டாவதை ஒருநாளும் எழுதியதில்லை என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "எல்லாரும் மறைக்கறவங்கதான். எனக்குக் கண்ணு இருக்கு, அவ்ளோதான்."

அந்தக் கண் முதல்நாளே என்மேல் விழுந்தது. புது மணப்பெண்ணாக நான் வந்து இறங்கியபோது என் கல்லூரிப் புத்தகங்களை எல்லாம் ஒரே பெரிய அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். இரண்டாம் மாடிப் படிக்கட்டில் பெட்டியின் அடி பிய்ந்து புத்தகங்கள் உருண்டன. மேலே நின்றுகொண்டிருந்தவள் கைகொடுக்க இறங்கி வரவில்லை. "புத்தகத்தச் சின்னப் பெட்டிலதான் கட்டணும். படிச்சவங்களுக்குப் படிக்கத்தான் தெரியும், தூக்கத் தெரியாது" என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. "நான் குடியிருக்க வந்தேங்க அண்ணி, மூட்டை தூக்க வரல" என்றேன். அவள் பதினேழு வயதில் கம்பெனிக் கிடங்கில் கண்ணாடிச் சாமான்களுக்குத் தாள் சுற்றும் வேலைக்குப் போனவள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பெற்றோர் போன பிறகு தம்பியை வளர்த்தது அவள். அவனுக்காகத்தான் அந்த வேலைக்கே போனாள். அவன் தொழிற்படிப்பு முடித்துத் தொழிற்சாலையில் கருவிகள் பழுது பார்ப்பவனாகச் சேர்ந்ததை, தானே சேர்ந்த மாதிரி சொல்லித் திரிவாள். "எங்க தம்பி கை இருக்கே, அது கை இல்ல. தலைமுடி மாதிரி ஒயரக்கூட ஒட்டிடுவான்." அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆக, மொத்தக் குடும்பமும் அவள் தம்பியும் என் கணவருமான அந்த மனிதரின் இரண்டு கைகளைச் சுற்றித்தான் இருந்தது.

தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்களுக்கு மூன்று அறை. மூன்றாவது அறை அவருடையது. தரையிலிருந்து கூரைவரை பழைய ரேடியோக்கள், வால்வுகள், ஒயர்ச் சுருள்கள், தகர டப்பாக்களில் திருகாணிகள். வேலையிலிருந்து வந்ததும் அங்கேதான் போவார்.

அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் வலது கை, பிறகு இரண்டும். தொழிற்சாலையில் அவரை எழுத்து வேலைக்கு மாற்றினார்கள். வீட்டில் மூன்று மாதம் பற்றவைப்புக் கோலோடு போராடினார். ஒருநாள் ஒரு வால்வு கைதவறி உடைந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட ஆரம்பித்தார். தான் படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குப் பாதி, கூட வேலை செய்தவர்களுக்கு மீதி. கடைசியில் அந்த அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஜன்னல். அவ்வளவுதான். மாலையில் அங்கே போய் உட்காருவார். டீயை, சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதுபோல், மூடி போட்டுக் குழல் வைத்த டம்ளரில் கொடுப்பேன்.

"அக்காவுக்குத் தெரியக் கூடாது" என்றார். "அவ என் கையத்தான் ஊரெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கா. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல. இத மட்டும் அவகிட்ட சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்றேன். நான் அவருக்குக் கொடுத்த வாக்குகளில் பெரியது எதுவென்று கேட்டால் அதுதான்.

அதற்கப்புறம் அக்கா வீட்டுக்கு வந்தால் அவர் இரண்டு கைகளையும் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு பேசுவார். அவள் முன்னால் சாப்பிட மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மூன்றாம் அறையைச் சாத்தி வைப்பார். அவளுக்கு அது போதாதா? "அக்கா முன்னாடி பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டு நிக்கறான். எவ சொல்லிக் கொடுத்ததோ!" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவள் வீட்டுக்குக் கூப்பிட்டால் அவர் போக மாட்டார். "என் வீட்டுத் தண்ணி அவனுக்குக் கசக்குது. யாரு கலந்த விஷமோ!" அந்த எவளும் யாரும் நான்தான். நான் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவேன்.

பிறகு ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மாரடைப்பு வந்து போய்விட்டார். கைநடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால் நடுக்கம் உறவில் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

குடியிருப்பை அறுபது நாளில் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. நகரத்தின் மறுகோடியில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்தேன். வேறு கம்பெனியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவளே டேப்போடு வந்து நின்றாள்.

"என் தம்பி வீட்ட வேற எவனோ வந்து அளப்பானா?" என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

முதல் அறை, இரண்டாவது அறை, கூடம் எல்லாம் முடித்து சமையலறைக்கு வந்தாள். அலமாரிகளைத் திறந்து, அவள் வழக்கப்படி வாயால் சொல்லிக்கொண்டே எழுதினாள். "தட்டு பன்னெண்டு. குக்கர் ரெண்டு. கண்ணாடி டம்ளர் ஏழு, ஒண்ணு எங்க போச்சு? மூடி டம்ளர் ஆறு. கெட்டில் ஒண்ணு..."

அவர் டீ குடித்த குழல் டம்ளர்கள். அந்த ஆறையும் நான் ஒளித்து வைத்திருக்க வேண்டும். தூக்கிப் போட மனம் வராமல் பழைய இடத்திலேயே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஆனால் அவள் எழுதிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டாள். அவளுடைய கவனமெல்லாம் தொலைந்துபோன எட்டாவது கண்ணாடி டம்ளர்மேல் இருந்தது.

கடைசியாக மூன்றாம் அறைக் கதவை டேப்பின் நுனியால் தட்டினாள்.

"இது?"

"பூட்டியிருக்கு அண்ணி."

"அது கண்ணுக்குத் தெரியுது. சாவி?"

"அந்த ரூம் சாமான நானே கட்டிக்கறேன். நீங்க எழுத வேண்டாம்."

"நீ கட்டுவ! நீ கட்டற லட்சணத்த அந்தப் படிக்கட்டக் கேட்டா சொல்லும். சாவியக் கொடு."

"தர முடியாது."

திரும்பி என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பீரோவை அளப்பதுபோல் அளந்தாள். "உள்ள இருக்கறது என் தம்பி சாமான்."

"என் புருஷன் சாமான்."

"உனக்குப் புருஷன் ஆகறதுக்கு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடியே அவன் எனக்குத் தம்பி. முதல் ரேடியோவப் பிரிச்சுப் போட்டுட்டு மறுபடி பூட்டத் தெரியாம அழுதான். ஸ்க்ரூ ஒவ்வொண்ணா பொறுக்கி டப்பால போட்டு வெச்சது நான். நீ அப்ப எங்க இருந்த?"

"எங்க இருந்தா என்ன? சாவி என்கிட்ட இருக்கு."

அவள் முகம் சிவந்ததைப் பார்க்க, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இனித்தது. அவள் கேட்டால் திறக்காத கதவு என்று உலகத்தில் ஒன்றாவது இருக்கட்டுமே.

"நீயே வெச்சுக்கோ. இடுப்புல முடிஞ்சுக்கோ" என்றாள். "என் தம்பி ரூம்ல என்ன இருக்கும்னு கதவத் தொறந்து பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

சுவரில் புத்தகத்தை வைத்து, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே எழுத ஆரம்பித்தாள். பெரிய ரேடியோ ஆறு பெட்டி, சின்னது ஐந்து. வால்வு மூன்று, கவனம் என்று குறிப்பு. ஒயர் நான்கு. கருவிகள் இரண்டு. திருகாணி டப்பாக்கள், சின்னப் பெட்டியில், கனம், இரண்டு. மொத்தம் இருபத்திரண்டு. ஒரு இடத்திலும் பேனா நிற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த அறை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது அவள் பட்டியல்.

தடுத்திருக்கலாம். அவ்வளவு இல்லை அண்ணி, சின்ன லாரி போதும் என்றிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஒரு தடவையாவது தப்பாக எழுதட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடு மாறும் அன்று லாரியோடு ஐந்து பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர், எல்லோரும் கயிறு என்று கூப்பிடும் மனிதர். ஒல்லியாக உயரமாக இருப்பார், தோளில் எப்போதும் ஒரு சுருள் கயிறு கிடக்கும். கட்டிலைப் பிரித்து, அதன் திருகாணிகளைத் துணிப்பையில் போட்டு, அந்தப் பையைக் கட்டில் காலிலேயே ஒட்டினார்கள். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கினார்கள். மத்தியானத்துக்குள் மற்ற எல்லாம் முடிந்துவிட்டது.

"மகாராணி, கஜானாவத் தொறக்கறீங்களா?" என்றாள் அவள்.

திறக்காமல் முடியாது. அன்று சாயங்காலம் வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டும். அதற்காக ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். பூட்டைத் திறந்துகொண்டே சொன்னேன்.

"போன வாரமே வேற வண்டி வெச்சு அனுப்பிட்டேன் அண்ணி."

கதவு திறந்தது. ஜன்னல் வெயில் தரையில் விழுந்து கிடந்தது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி. எல்லாம் சேர்ந்து ஒரு ஆள் சுமை.

அவள் உள்ளே போனாள். நாற்காலியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அலமாரி இருந்த மூலையில் ஆள்காட்டி விரலை வைத்துத் தேய்த்தாள். பிறகு அறையின் நடுவில் தேய்த்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போன வாரம் எடுத்த அலமாரிக்கு அடில தரை பல்லு மாதிரி பளிச்சுனு இருக்கணும். இங்க கோடே இல்ல, எல்லாம் ஒரே நிறமாயிருச்சு. இந்த ரூம் காலியாகி ரெண்டு வருஷம் இருக்கும். என்கிட்டயே கத விடறியா?"

 வாசலில் நின்ற ஆட்கள் கூடத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். கயிறு தன் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷம்னா..." அவள் எழுந்தாள். "அவன் உசிரோட இருக்கும்போதே. வித்துட்டியா?"

நான் பூட்டைக் கதவிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தேன்.

"வாயத் தொற. அவன் வேலைக்குப் போயிருக்கறப்ப ஆள வரச் சொல்லி வித்தியா? அதான் நான் வந்தப்பல்லாம் அப்படி உக்காந்திருந்தானா? கையக்கூட வெளிய எடுக்காம, செத்தவன் மாதிரி?"

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் இருவருமே ஒரு கணம் அதைப் பார்த்தோம்.

சொல்லிவிடலாம் என்று அந்தக் கணத்தில்தான் தோன்றியது. ஒரே வரி. அவர் கை நடுங்கிற்று அண்ணி, அவரேதான் கொடுத்தார். சொன்னால் நான் திருடி இல்லை. ஆனால் அவர் ஒளித்து வைத்த கைகளை நான் வெளியே எடுத்துக் காட்ட வேண்டும், ஐந்து ஆட்கள் முன்னால், அவளிடம்.

"ஆமா" என்றேன். "இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. போட்டுட்டேன்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நீ மனுஷியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பட்டியல் புத்தகத்தோடு கீழே இறங்கிப் போனாள்.

சாமான்கள் எல்லாம் ஏறியும் லாரியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தது. அவள் எழுதியதால் வந்த பெரிய லாரி. அவள் லாரியின் முன் இருக்கையில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ரொம்ப நேரம் ஒரே பக்கத்தில் நின்றாள். எங்கே பிழை என்று தேடுகிறாள், தேடட்டும் என்று நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

பிறகு இறங்கி வந்து கயிறிடம், "இருவத்திரண்டு காலிப் பெட்டி மடிச்சு ஒட்டு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"லாரில காலி இடம் இருந்தா மத்ததெல்லாம் ஆடும், ஒடையும். அடைக்கணும்."

"போர்வைய வெச்சு இறுக்கிக் கட்டினா நிக்கும்க்கா."

"நான் சொன்னதச் செய்யறியா, இல்ல நானே ஒட்டவா?"

அவர்கள் தெருவிலேயே உட்கார்ந்து பெட்டிகளை மடித்து ஒட்டினார்கள். அவள் கறுப்பு மார்க்கரை எடுத்து ஒவ்வொன்றிலும் எழுதினாள். 'அறை 3, ரேடியோ பெரியது.' 'அறை 3, வால்வு, கவனம்.' 'அறை 3, ஒயர்.' பட்டியலில் இருந்தபடியே இருபத்திரண்டு. குடியிருப்பே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் விற்றுத் தின்றதை ஊருக்கு அறிவிக்கிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

புது வீட்டில் ஆட்கள் கைக்கு இரண்டாக அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க அடுக்கினார்கள். எல்லோரும் போன பிறகு அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள். "பத்திரமா வெச்சுக்கோ."

அதற்குப் பிறகு ஏழு வருடம். மாதம் ஒரு தடவை வருவாள். நாற்காலியின் நுனியில் உட்காருவாள். மேஜை தப்பான இடத்தில் இருக்கிறது, அலமாரி ஈரச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று குற்றம் சொல்லுவாள். கிளம்பும்போது தவறாமல், "கம்பெனிப் பெட்டி இருவத்திரண்டு இருக்கு. திருப்பிக் கொடு" என்பாள். நான் தரமாட்டேன். அவற்றைத் தட்டையாக மடித்து, சணல் போட்டுக் கட்டி, பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். எனக்கு அவை தேவையே இல்லை. அவள் கேட்கிறாள், அதனால் தரவில்லை. ஏன் கதவைத் திறந்தேன், ஏன் அவளை உள்ளே விட்டேன் என்று கேட்டால், எனக்கு வேறு யாரும் வரவில்லை. அவளுக்கும் போக வேறு இடம் இல்லை.

உறவுக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் என்னைத் திருடி என்றாள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் கணவரின் சித்தப்பா மகனுடைய புது வீட்டுக்குப் போயிருந்தோம். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மரியாதையாகத்தான் கேட்டான். "அண்ணனோட ரேடியோல்லாம் எங்க அண்ணி இருக்கு? ஒண்ணு எனக்குக் கொடுங்களேன், ஞாபகமா வெச்சுக்கறேன். கடைசி ரெண்டு வருஷம் ஆளு ஏன் அப்படி ஒதுங்கிட்டாரு? எதாவது ஒடம்புக்கு..."

நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் குரல் வந்தது. "அவகிட்ட என்னடா கேக்கற? எல்லாத்தையும் கடைக்குப் போட்டுட்டா. புருஷன ஒரு ரூமுக்குள்ள ஒக்கார வெச்சுட்டா. அவ மூஞ்சியப் பாத்தா எவன்தான் ஒதுங்க மாட்டான்?"

பிறகு பேச்சு அவரைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி ஆயிற்று. நான் கத்தினேன், அவள் கத்தினாள், சித்தப்பா மகன் எழுந்து போனான். எப்போதும் அப்படித்தான் நடந்தது. அவள் என்னை முந்திக்கொண்டு பேசுவாள். அவமானப்படுத்த அவ்வளவு அவசரமா என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் காய்ச்சலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எட்டு நாள் நான்தான் இருந்தேன். தலையணையைத் தப்பாக வைக்கிறேன் என்று கடைசிவரை திட்டினாள். ஒன்பதாம் நாள் திட்டவில்லை.

ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீடு மாற்றியவள், முப்பத்தொரு வருடம் ஒரே வாடகை வீட்டில் இருந்தாள். ஒரு அறை, ஒரு சமையலறை. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். கயிறுக்குப் போன் செய்தேன். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். டேப்பக்கா வீடு என்றதும் ஒரு சின்ன வேனும் இரண்டு ஆளுமாக வந்துவிட்டார். பெட்டிகளை நான் கொண்டுபோயிருந்தேன். சணலை வெட்டினேன். எல்லாம் அவள் எழுத்து, கொஞ்சம்கூட வெளுக்கவில்லை.

"இத இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றார் கயிறு. "அன்னிக்கு இது வேணவே வேணாம்மா. போர்வை வெச்சே கட்டியிருக்கலாம். சொன்னேன், அக்கா கேக்கல."

பதினைந்து பெட்டி ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். எட்டுதான் ஆயிற்று. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அவளுடைய பட்டியல் புத்தகங்களின் கார்பன் நகல்கள், வருடவாரியாகக் கட்டி, அடியில் பழையது, மேலே புதியது. எல்லாவற்றுக்கும் மேலே, வரிசை மாறி, ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு புத்தகம் கிடந்தது. வரிசை மாற்றி எதையும் வைக்கிறவள் இல்லை அவள். எடுத்துப் பார்த்தேன்.

என் வீட்டுப் பட்டியல். 'அறை 3, 22 பெட்டி' என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்து, பூஜ்யம் போட்டிருந்தது. அதற்கு முந்தைய பக்கம் சமையலறை. 'மூடி டம்ளர் 6' என்பதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். பேனா தாளைக் கிழித்திருந்தது. கடைசிக் கட்டத்தில், வித்தியாசம் 22. காரணம் என்ற இடத்தில் முதலில் 'வாடிக்கையாளர் ம' என்று தொடங்கி அடித்திருந்தாள். அதற்குக் கீழே எழுதியிருந்தது இது:

'அளவாளர் கவனிக்கவில்லை. குழந்தை இல்லாத வீடு. ஆறு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கை பாக்கெட்டில். தண்ணீர் குடிக்கவில்லை. கவனிக்கவில்லை.'

தேதி, வீடு மாறிய அன்றைய தேதி. லாரியின் முன் இருக்கையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் இறங்கி வந்து காலிப் பெட்டி கேட்டாள், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கே தெரியும்! தெரிந்துகொண்டே ஏழு வருடம் நாலு பேர் நடுவில் என்னைத் திருடி என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்க வாயெடுத்த போதெல்லாம் முந்திக்கொண்டு என்மேல் பாய்ந்திருக்கிறாள். அவருடைய கைகளை நான் ஒரு பக்கமிருந்து மூடிக்கொண்டிருந்தேன் என்றால், இன்னொரு பக்கமிருந்து இவள், என் தலையை வைத்து. அதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? தாளில் ஐந்து வரி எழுதத் தெரிந்தவளுக்கு, மாதம் ஒருமுறை நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுந்து போனவளுக்கு, எனக்குத் தெரியும் என்று வாயால் சொல்ல முடியவில்லையா? ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்ததே, தலையணையைத் திட்டிய நேரத்தில் சொல்லியிருக்கலாமே!

நானும்தான் சொல்லவில்லை. அது வேறு. நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து, 'வால்வு, கவனம்' என்று எழுதிய பெட்டியில், அவள் புடவைகளுக்கு மேலே வைத்து ஒட்டினேன்.

என் வீட்டு வாசலில் வேன் நின்றது. கயிறு முதல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்து, கூடத்தில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எழுதியிருக்கும் அறையில்தான் இறக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் பழக்கம்.

"அறை மூணுன்னு போட்டிருக்கும்மா. இங்க ரெண்டு ரூம்தான இருக்கு? எங்க இறக்கட்டும்?"

"எழுதினவங்களத்தான் கேக்கணும்" என்றேன்.

அவர் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு அவராகவே படுக்கையறைக்குப் போய், முன்பு அடுக்கிய அதே சுவரோரம் இறக்கி வைத்தார். இந்தத் தடவை பெட்டியைக் கீழே வைக்கும்போது சத்தம் கேட்டது.